தேறிய மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? தைலம் தீர்ந்துவிட்டதா? நான் இங்கே சௌக்கியம். கடையில் நல்ல பெயரும் எடுத்துவிட்டேன்.

எங்கள் மீன்கடையில் கண்ணாடித் தொட்டிகளில் உயிருள்ள பவளம் வளர்க்கிறோம். சில மீன்கள் அதைக் கொத்தித் தின்றுவிடும். அதனால் புது மீன் வந்தால், முதலாளி அதை நாலு நாள் பட்டினியாகப் பவளத்தோடு விட்டுப் பார்ப்பார். "வயிறு காஞ்சாத்தான்டா குணம் தெரியும்" என்பார்.

போன வாரம் ஒரு மஞ்சள் மீன் வந்தது. பவளத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர வாய் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை செத்து மிதந்தது. "தங்கமான மீனு, பாஸாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே குப்பையில் போடச் சொன்னார்.

சேர்ந்த புதிதில் எனக்கும் இதே பரீட்சைதான். எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது. தன் சாப்பாட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். நான் தொடுவேனா? நீ வளர்த்த பிள்ளையாயிற்றே! "உன்னை நம்பலாம்டா" என்று தோளில் தட்டினார். பரீட்சையைத்தான் இன்னும் நிறுத்தவில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால், தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பெல்ட்டைக் கொடுத்தனுப்பு. என்னுடையது கடைசி ஓட்டையில் போட்டாலும் இடுப்பில் நிற்கவில்லை.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
பெரியவன்