ஆஸ்பத்திரி சூப்பு

பிப்ரவரி 4
ஒன்பது வருஷம், இரண்டு மாசம், ஆறு நாள். மகளின் சாப்பாட்டுக் கடை இருக்கும் தெருவில் நான் கால் வைக்கவில்லை. இன்று மருந்துக்கும் சுற்றுவழிதான். கால் வலித்தால் வலிக்கட்டும். அப்பன் கிடையில் கிடக்கும்போது கடை திறக்க ஓடியவள். "இனி என் கண்ணில படாதே" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னேன். படவில்லை. அவர் போன அன்றும் படவில்லை. மறப்பேனா?

பிப்ரவரி 9
அவள் பெண் வந்தாள். சமையல் காலேஜில் பரீட்சையாம். சத்தமாகப் படித்தாள்.

"ரெஸ்டாரண்டுங்கிறது முதல்ல கடைக்கு வச்ச பேரே இல்ல பாட்டி. நோஞ்சான் உடம்பைத் தேத்த பிரெஞ்சுக்காரங்க கொடுத்த சூப்போட பேரு. அதை வித்த இடத்துக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு."

"சட்டியில இருந்த பேரு பலகையில ஏறிடுச்சாக்கும். உங்கம்மா யாரைத் தேத்தினா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "தாத்தாவை. கடைசி வாரம் பூரா அம்மாதான் சூப்பு காய்ச்சிக் கொண்டுவந்தா. நீ விரட்டுவேன்னு ஆஸ்பத்திரி ஆயாகிட்ட கொடுத்துட்டு, வெளியே படியில நிப்பாளாம்."

பிப்ரவரி 10
எல்லாம் ஞாபகம் இருக்கிறதே, அதுதான் என் பாவம்.

வியாழக்கிழமை. கஞ்சிக்கும் பாலுக்கும் வாயை இறுக்கிக்கொண்ட மனிதர், ஆயா கொண்டுவந்த நீல பிளாஸ்க்குக்குத் திறந்தார். நாலு ஸ்பூன். "உப்பு சரியா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க ஆஸ்பத்திரி சமையல்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று ஆயாவிடம் உரக்கச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அந்தப் படி எவ்வளவு தூரம்? பத்தடி இருக்குமா?

அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா — யார்கிட்ட சொல்லுவா? விரட்டினவ நான்தானே.

பிப்ரவரி 11
ஆயா மேலேயும் கோபம். யார் மேல்தான் இல்லை.

பிப்ரவரி 13
போனேன். அவள் கடையில் மூலை மேசை. மகளே வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது. ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

"என்ன வேணும்?"

"சூப்பு."

கொண்டுவந்து வைத்தாள். "அப்பா உப்பு சரியா இருக்குன்னாரு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். "தங்கக் காப்பும் கேட்டுச்சு."

உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. சூப்பு ஆறிப்போனபின் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 17
இன்று பின்வாசல் வழியாகப் போனேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு தட்டு பூண்டை என் முன்னால் நகர்த்தினாள். உரித்தேன். அரைமணி நேரத்தில் தட்டு காலி.

பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே, "நகம் எரியுதா?" என்றாள்.

எரிந்தது. இல்லை என்றேன். இன்னொரு தட்டு வைத்தாள்.