கேப்டனை வெளுத்துவிட்டார்கள், அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் படக்கதைக்கு ஒருவழியாகப் பதிப்பாளர் கிடைத்தார். நீ உயிரோடு இருந்தபோது உன் மின்னஞ்சல்களுக்கு ஒருவரும் பதில்கூடப் போட்டதில்லை. மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு மவுசு வந்துவிட்டது. 'இளம் வயதில் மறைந்த ஓவியர்' என்று பின்னட்டையில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

கோலார் தங்கவயலில் தாத்தா இறங்கிய சுரங்கத்தை அப்படியே நிலவுக்குத் தூக்கிக்கொண்டு போனாய். அங்கே பாறையைக் குடைந்து தண்ணீர் எடுக்கிறார்கள் நம் சனங்கள். அவர்களுடைய கப்பலுக்குக் கேப்டன் ஒரு பெண். அவளுக்கு என் முகம்.

ஜீவனஹள்ளி வீட்டு ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து வரைந்தாயே, மறக்குமா? மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவிருந்த போட்டோவில் ஸ்டுடியோக்காரன் என்னை வெள்ளையாக்கிக் கொடுத்த வாரம் அது. நீ அதைக் கிழித்தெறிந்தாய். "உன்ன வூட்டுக்குள்ள சேத்துக்கவே இவனுங்க யோசிக்கிறானுங்க. நான் உன்ன நிலாவுக்கே கேப்டனாக்குறேன் பாரு" என்றாய்.

அப்போது உனக்கு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. அரக்கர்களுக்கு நம் நிறம், இளவரசிக்குப் பால் நிறம். அங்கே அதுதான் விதி. சம்பளத்துக்காகப் பகலெல்லாம் இளவரசிகளை வெளுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கேப்டனுக்குக் கறுப்பைக் குழைத்தாய். நெற்றிக்குக் கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு, கன்னத்துக்குச் செம்மண் சேர்ந்த கறுப்பு. என் முகத்தில் இத்தனை நிறம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

போன மாதம் அட்டைப்படம் வந்தது. கேப்டன் கோதுமை நிறத்தில் நின்றாள். பின்னால் பாறை உடைப்பவர்களை மட்டும் நீ வரைந்த கறுப்பிலேயே விட்டிருந்தார்கள்.

நேரில் போனேன். எடிட்டர் தமிழ் தெரிந்தவர்தான். காபியெல்லாம் கொடுத்தார்.

"கலர மாத்தல மேடம், அது லைட்டிங். நிலா வெளிச்சத்துல யாரா இருந்தாலும் கொஞ்சம் பளிச்சுன்னுதானே தெரிவாங்க?"

"நிலாவுலயே நிக்கிறவளுக்கு நிலா வெளிச்சம் எங்கிருந்து சார் வரும்?"

அவர் சிரித்து மழுப்பினார். "ஃப்யூச்சர் கதை மேடம். பாக்கிறவங்களுக்கு ஒரு ஆசை வரணும். இப்படி டார்க்கா இருந்தா சோகக் கதைன்னு நினைச்சுடுவாங்க."

"அந்தக் கேப்டன் நான்தான் சார்" என்றேன்.

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆனா நீங்க களையா இருக்கீங்களே மேடம்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்! அந்த 'ஆனா' இன்னும் காதில் கிடந்து குத்துகிறது. விண்கலத்தை நம்புகிறார்கள், நிலவில் ஊர் இருப்பதை நம்புகிறார்கள். அதை ஒரு கறுப்பி ஓட்டுவாள் என்பதை மட்டும் ஏன் அக்கா நம்ப முடிவதில்லை?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் உன் படங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. அம்மா அன்று சாப்பிடவில்லை. "எம்பொண்ணு பேரு புஸ்தகத்துல வந்தா போதும்னு இருந்தேனேடி. கலருக்காவ இன்னாத்துக்குச் சண்ட போட்டுக்கினு வந்த? எனக்குக் கண்ணு இருக்கசொல்லவே அத்தப் பாத்துட வேணாமா?" என்று அழுதாள். அம்மாவுக்கு இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. இப்போதெல்லாம் கோயிலுக்குக்கூட என்னோடு வருவதில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்காவோடு போகிறாள். என் இடத்தில் நீ இருந்திருந்தால், அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பாயா?

வேறு பதிப்பகங்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதுவேன். உன் பெயர் அச்சில் வராமலே போனாலும் போகட்டும். நான் இருக்கும்வரை, நீ எனக்குப் பூசிய நிறத்தின்மேல் இன்னொருவர் கை படாது.

உன் கூடப்பிறந்த கறுப்பி,
ரூபி