கோவிந்தசாமியின் படுக்கைப்புண்

குமராட்சி
12.2.2009

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா ஜெயராணி எழுதுவது. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ கத்துவாய், அம்மா பக்கத்தில் நின்று அழும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவிந்தசாமி வீட்டுக்கு நான் போவது உண்மைதான். பக்கவாதம் வந்து நாலு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். மகன்கள் சென்னையோடு சரி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் எங்கள் தொண்டர் குழுவில் இந்த ஊருக்கு நான் ஒருத்திதான். புண் கழுவிக் கட்டுப் போடச் சிதம்பரத்தில் பயிற்சி எடுத்திருக்கிறேன். விட்டுவிடு, புழுத்துச் சாகட்டும் என்று நீ சொன்னாய்.

நான் எதையும் மறக்கவில்லை. 2005 வெள்ளத்தில் அப்பாவைப் பாம்பு கடித்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிராக்டர் கேட்டு அவன் வாசலில் நின்றவள் நான். "ஒங்கப்பன ஏத்திட்டு, அப்புறம் வண்டிய யாரு கழுவுறது?" என்றான். கட்டிலோடு தூக்கிப் போனோம். பாதி வழியில் அப்பா போய்விட்டார்.

முதல் நாள் அவன் மனைவி ராமாமிர்தம், "கொல்லப் பக்கமா வந்துட்டுப் போ" என்றாள். "வந்தா முன்வாசல்ல வருவேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன். வேறு ஆள் ஏது? முன்கதவைத் திறந்தாள்.

நோயாளியைத் தொடுமுன் நம் பேரையும் என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவனுக்குப் பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை. தினமும் காதருகே குனிந்து, "அய்யனாரு மக ஜெயராணி வந்திருக்கேன். இப்ப ஒங்களத் தொடப் போறேன்" என்பேன். கண்ணை இறுக மூடிக்கொள்வான். எனக்கு வயிறு குளிரும். ஆனால் ஒருநாளும் கையை முரட்டுத்தனமாக வைத்ததில்லை.

போன வாரம் உன் பேச்சைக் கேட்டு மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனால் புண்ணில் புழு. பதினோரு புழுவை எடுத்தேன். அவன் அழுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை.

நேற்று வழக்கம்போலக் குனிந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவனே கோணிய வாயால் "அய்...னாரு" என்றான். நாலு மாதத்தில் முதல் வார்த்தை. ராமாமிர்தம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள். "எங்கப்பா பேரு" என்றேன்.

நான் மன்னிக்கவில்லை தம்பி, மன்னிக்கவும் மாட்டேன். இப்போது செத்தால் அவன் தப்பித்துவிடுவான். புண் ஆறி எழுந்து உட்கார வேண்டும், அன்றைக்கு வாசலில் என்ன சொன்னான் என்பதை ஊர் கேட்க அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதுவரை அவனைச் சாக விடமாட்டேன். நீ கோயிலுக்குப் போகும்போது அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்டு வேண்டிக்கொள். எனக்காக இதை மட்டும் செய்.

உன் அக்கா,
அய்யனார் மகள் ஜெயராணி