சுஜிதாவை வைத்துச் செய்த பொருத்தனை

மதிப்புக்குரிய போதகர் அவர்களுக்கு,

மலாவியில் நீங்கள் கட்டிய புதுப் பள்ளிக்கூடம் பற்றிய செய்தியை ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். அதை நடத்த நம் மகளைக் கர்த்தருக்குப் பொருத்தனையாகத் தருகிறீர்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஞாயிறு பள்ளி வகுப்பில் பிள்ளைகளுக்கு ஓர் உதாரணம் சொல்வேன்: நேர்ச்சைக்கு விடும் ஆடு நாம் வளர்த்ததாக இருக்க வேண்டும். சுஜிதாவுக்குப் பல் முளைத்தபோதும் நீங்கள் அங்கேதான் ஆலயம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“ஏளா, முன்னால போ, உனக்காக ஜெபிக்கப் போறாங்க” என்று அந்த ஆராதனையிலேயே பக்கத்து வீட்டு ஹில்டா அவளைத் தள்ளினாள். அவள் என் கையை விடவில்லை. நான் எழுந்து, “அவ வரமாட்டா. ஆள் வேணும்னா அவிய அங்கனயே தேடட்டும்” என்றேன்.

வரும் ஞாயிறு அவளுக்கும் அவள் விரும்பிய சாகுபுரம் பையனுக்கும் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளை வளர்த்தவள்