விரித்த கையும் தூக்கிய கையும்

அக்டோபர் 7

மறுபடியும் கரண்ட் இல்லை. பத்தாம் வகுப்புக்கு மின்காந்தத்தைக் கரும்பலகையில் படம் போட்டே முடித்தேன். அரசாங்கம் எங்கள் ஊருக்குக் காற்றாலை தரப்போகிறதாம். எனக்குச் சந்தோஷம். ஆனால் இடம்? எங்கள் குதிரைகள் பனிக்காலம் முழுக்க மேயும் மேட்டடிப் புல்வெளி.

"உன் காத்தாடிக்கு என் குதிரைங்கதான் தீனியா?" என்றார் ஒராஸ்பெக். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஓர் அரசாணை.

அக்டோபர் 15

பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரே கூச்சல். மேட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "அங்க ரோடு கிடையாது டீச்சர்" என்றார் ஊர் நிர்வாகி தவுரென். "முடிவை அப்புறம் பாப்போம். கறி ஆறிடும், சாப்பிடுங்க."

சாப்பிட்டதும் ஜுமாபாய் பெரியவர் வழக்கம்போல ஆசி சொன்னார். எல்லோரும் கைகளை விரித்து, முகத்தில் தடவிக்கொண்டோம். நிர்வாகியின் ஆள் ஒருவர் படம் எடுத்தார்.

அக்டோபர் 23

அடப்பாவி.

மாவட்டப் பத்திரிகையில் அந்தப் படம். 'ஊர் மக்கள் கை உயர்த்தி ஒருமனதாக ஏற்பு.' ஆசிக்கு விரித்த கை ஓட்டாம். முதல் வரிசையில் என் கை.

ஒராஸ்பெக் பத்திரிகையை என் முன்னால் வைத்தார். "நீயும் கூட்டா?" அவ்வளவுதான் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன, இப்படிப் பண்ணுவாங்கன்னு—

அக்டோபர் 24

நிர்வாகியிடமே போய்க் கேட்டேன்.

"ரைகுல் டீச்சர், நீங்க கேட்டதுதானே கிடைச்சிருக்கு? தலைமையாசிரியர் இடம் வேற காலியாகுது. எதுக்கு வம்பு?"

ஒரு நிமிடம் அந்தத் தலைமையாசிரியர் நாற்காலியில் மனசுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அக்டோபர் 26

கேட்டதுதான் கிடைத்தது. அதுதான் உறுத்துகிறது.

நவம்பர் 2

மாவட்ட அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். எழுந்துவிட்டேன்.

"அது ஓட்டு இல்லைங்க ஐயா. சாப்பிட்டு ஆசி வாங்கினோம். படத்தை நல்லா பாருங்க, உள்ளங்கையெல்லாம் வானத்தைப் பாக்குது. ஓட்டுப் போடுறவன் இப்படியா கை நீட்டுவான்?"

கூடமே சிரித்தது. தவுரென் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் முறையான ஓட்டெடுப்பு என்று சொல்லிப் போனார் அதிகாரி.

நவம்பர் 9

பெரியவர் ஆசி சொல்ல வாயெடுத்தார். அத்தனை பேரும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்கள். "முதல்ல ஓட்டு தாத்தா" என்று யாரோ சொன்னார்கள். அவருக்கே சிரிப்பு.

மேட்டடியில் காற்றாலை வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஒராஸ்பெக் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் தூக்கினேன். அங்கங்கே சில கைகள். போதவில்லை. தோற்றோம்.

"இப்பவும் தூக்கினியே" என்றார், வீட்டுக்கு வரும் வழியில்.

"இப்பதான் தூக்கினேன்" என்றேன்.

டிசம்பர் 18

பனிப்புயல். கரண்ட் போய் மூன்று நாள். தலைமையாசிரியர் இடம் வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. போகட்டும்.

ஒராஸ்பெக் நிலக்கரி வாளியை அடுப்போரம் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே உட்கார்ந்தார். டீ ஆறியது. குடிக்கவில்லை.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லைன்னுதானே சொன்னான்?"

"ஆமா."

"நம்ம புல்வெளி ஓரமா ரோடு போட்டுக்கச் சொல்லு. மனு எழுது டீச்சர். என் பேரை முதல்ல போடு."