புகை இறங்கும் மாதம்

குரங்கணி
24.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சோலை எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் போனுக்குச் சிக்னல் கிடைக்காததால் ஜீப்பு ஓட்டுகிற காசிமாயனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் முதலாளி எங்கள் சுவரை ஒட்டி இன்னொரு ஏலக்காய் ஸ்டோர் கட்ட அனுமதி வாங்கிவிட்டார். இருக்கிற ஒரு ஸ்டோரில் காய் உலர்த்துகிற புகைக்கே உன் மருமகள் நிலாவுக்கு இளைப்பு வந்து பாதிநாள் பள்ளிக்கூடம் போவதில்லை. மேல்முறையீடு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி விசாரணை. தெருவையே லோடு வண்டியில் ஏற்றிப்போய் அழுது புரளப்போகிறேன். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, பயப்படாதே. எப்படிப் பேசுவது என்றாவது சொல்.

உன் தங்கச்சி
சோலையம்மாள்

எஸ்டேட் லயம்
29.6.2024

தங்கச்சி சோலைக்கு,

லோடு வண்டி வேண்டாம் ஆத்தா. பட்டா விசாரணைக்கு ஊரைக் கூட்டிப்போய்க் கத்தித்தான் நான் தோற்றேன். பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். முதலாளியைத் திட்டாதே. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்: அனுமதி கொடுத்த அதிகாரிகள் வந்து பார்த்தது சித்திரையில். அப்போது காயும் கிடையாது, அடுப்பும் எரியாது, புகை எப்படித் தெரியும்? ஐப்பசி விடிகாலையில் மலைக்காற்று இறங்கும். புகை மேலே போகாமல் வீட்டுக்குள் வந்து படுக்கும். இருபது வருடமாக ஸ்டோர் அடுப்பில் விறகு தள்ளுகிறவன் சொல்கிறேன். நிலாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோ.

நான் வர முடியாது. இந்த லயத்து வீடும் முதலாளி கொடுத்ததுதான்.

அண்ணன்
முத்துக்கண்ணன்

குரங்கணி
12.7.2024

அண்ணனுக்கு,

நீ சொன்னபடியே பேசினேன். சித்திரையில் பார்த்ததைச் சொன்னதும் அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். சீட்டுகள் பூராவும் ஐப்பசி, கார்த்திகை என்பதையும் கவனித்தார்.

பிறகு முதலாளியின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். புகை நேராக மேலே போய்விடும், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று இருபது வருட அனுபவமுள்ள தொழிலாளி எழுதிக் கொடுத்ததாம். உன் கையெழுத்து, அண்ணே. தேதி ஜூலை இரண்டு. எனக்கு எழுதி மூன்றே நாள்.

"இவரைத் தெரியுமாம்மா?" என்று அதிகாரியம்மா கேட்டார். உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அங்கேயே ஜெயித்திருப்பேன். நீயும் மதினியும் தெருவில் நின்றிருப்பீர்கள்.

"எங்க அண்ணன்தாம்மா. ஐப்பசியில நீங்களே வெள்ளன வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அதுவரை கட்டக் கூடாது என்று உத்தரவு.

வழியெல்லாம் அழுதேன். மிரட்டினார்களா? அதையாவது எழுது.

சோலை

எஸ்டேட் லயம்
20.7.2024

சோலைக்கு,

மிரட்டவில்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்துத் தாளை நீட்டினார். படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

நேற்று அந்த ஆபீசுக்குப் போய், நான் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லயத்தைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. உன் மதினி சாமான் கட்டுகிறாள். வியாழக்கிழமை இறங்குகிறோம். உனக்குச் சம்மதமில்லை என்றால் உன் மதினி ஊரான சிலமலைக்குப் போய்க்கொள்கிறோம்.

முத்துக்கண்ணன்

குரங்கணி
22.7.2024

அண்ணே,

ஜீப்பை நம் வீட்டு வாசலுக்கே விடச் சொல்லிவிட்டேன். சிலமலை என்று இன்னொரு தடவை எழுதாதே.

மாமா ஏன் கையெழுத்துப் போட்டார் என்று நிலா கேட்கிறாள். அதை நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து அவளிடம் சொல்.

சோலை