மூன்றாம் எண் பெட்டி

ஞாயிறு, காலை

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் பட்டறையும் நலம். நீங்கள் அக்கா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மூன்று முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. கடிதமென்றால் பிரித்துப் படித்துத்தானே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, வாஷரை நானே மாற்றினேன். மகள் போன் செய்தாள். "என்னம்மா, அப்பா கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டாராமே? பொண்டாட்டிங்கதானே அப்படிப் போவாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு ஓயவில்லை, ஆனால் அது சிரிப்பாக இல்லை.

கல்லூரி அரங்கில் அன்று நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியை யாராவது திரித்துச் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு ஆசிரியர் உங்களை அவமானப்படுத்த நினைத்துக் கூப்பிடவில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் மூன்று கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒன்று நம் பட்டறையில் செய்தது. ஒன்று, உலகத்தில் மொத்தம் நூறுதான் இருக்கிறதென்று சேகரிப்பவர்கள் பெருமூச்சு விடும் வெளிநாட்டுப் பெட்டி. மற்றொன்று எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கும் மலிவுப் பெட்டி. ஒரே பெண் ஒரே கிட்டாரில் மூன்றிலும் வாசித்தாள். விலை உயர்ந்தது நிஜமாகவே வேறு மாதிரி கேட்கிறதா என்று மாணவர்களுக்குக் காட்டுவதுதான் அவர் எண்ணம்.

நீங்கள் எழுந்து, "ரெண்டாவதுதான் என்னோடது. பெத்தவனுக்குப் புள்ளையோட குரல் தெரியாதா" என்றீர்கள். அவர் திரையை விலக்கினார். இரண்டாவது, கடைவாசல் பெட்டி. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டீர்கள். நம் பெட்டி மூன்றாவதாக இருந்தது.

அதன் பிறகுதான் மாணவர்கள் எழுதித் தந்த சீட்டுகளை எண்ணினார்கள். நாற்பது பேரில் பதினொரு பேர் நம்முடையதைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எழுதியிருந்தாலும் பதின்மூன்று பேருக்குச் சரியாக வந்திருக்கும் என்றார் ஆசிரியர். அதிகம் பேருக்குப் பிடித்தது கடைவாசல் பெட்டிதான், இரண்டு ஓட்டு கூடுதல். சொல்லும்போது அவருக்கே சங்கடம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நம் பெட்டியை விற்றுத் தரும் கடைக்காரத் தாடிக்காரர் நேற்று வந்தார். நம் பெட்டிக்காக வரிசையில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். "அண்ணி, அன்னிக்கு ஒயரு மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம். பேரு தப்பிச்சுக்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொய்யே போதும் என்று வாய்வரை வந்தது, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரத்த அழுத்த மாத்திரை உங்கள் பையின் முன்பக்க அறையில் இருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள் மனைவி


வியாழன், பிற்பகல்

அன்புள்ளவருக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அக்காதான் நாலு வரி எழுதியிருந்தார். "தம்பி டிவி ஓடுற ரூம் பக்கமே வர்றதில்ல. கேட்டா அசதிங்கிறான். நான் ஒண்ணு கேட்டா அவன் ஒண்ணு சொல்றான்" என்று. படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். அக்கா புதிதாகக் கண்டுபிடித்ததை நான் இரண்டு வருஷமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நேற்று வந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று திரைக்குப் பின்னால் வாசித்த பெண். நீங்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் நம் பெட்டி ஒன்றை வாங்கி, காதில் ஊசி குத்துவது போல இருக்கிறதென்று பத்தே நாளில் திருப்பித் தந்தாளே, அவள்தான். அவளுக்கு மரக்காது என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைத் தேடி வந்தவள், நீங்கள் இல்லை என்றதும் என்னிடமே சொன்னாள். "எல்லாரும் கேட்டவங்களைக் கேட்டாங்க. செஞ்சவரைக் கேட்டாங்க. வாசிச்சவளை ஒருத்தரும் கேக்கல" என்றாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் கடைப் பெட்டி, கம்பியை எப்படித் தொட்டாலும் ஒரே மாதிரி கத்துங்க. காசு வாங்கிட்டு வாசிக்கிறவ நான், கேக்கிறவங்களுக்கு அது தெரியவிடலாமா? விரலாலயே சமாளிச்சேன். அழுத்த வேண்டிய இடத்துல அழுத்தாம, விட வேண்டிய இடத்துல புடிச்சு. வித்தியாசம் தெரியலைன்னு அவங்க எழுதினது என் உழைப்புக்குக் கெடைச்ச மார்க்கு. மூணாவது பெட்டிகிட்ட அந்தப் பாடே இல்ல. மெதுவா தொட்டா மெதுவா பேசுது, கொஞ்சம் அழுத்தினா கோவப்படுது. ஆறு மணி நேரம் ரெக்கார்டிங் இருந்தாலும் கை நோகாம வீட்டுக்குப் போகலாம்."

வெளிநாட்டுப் பெட்டி எப்படி என்று கேட்டேன். அதுவும் அப்படித்தானாம். ஆனால் அதற்காக ஒருவன் வீட்டை விற்க வேண்டியதில்லை என்றாள். நம்முடையதற்கும் விற்க வேண்டியதில்லை, கோவித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. பல வருஷமாக என் மனதில் இருந்த அளவை யாரோ வந்து டேப் வைத்து அளந்து சொன்ன மாதிரி இருந்தது.

ரேடியோ தொழிற்சாலையில் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். நம் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நாலு கண்ணாடி வால்வு, இரண்டு டிரான்ஸ்பார்மர், ஒரு பிடி உதிரிச் சாமான், உங்கள் சுத்தமான கைவேலை. யாரும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதென்று அதன்மேல் கறுப்புப் பிசினை ஊற்றச் சொன்னீர்கள். பிறகு ஜனங்கள் பிசினுக்கு அடியில் ஏதோ ரகசியம் இருக்கிறதென்றார்கள். நீங்கள் பொய் சொன்னதே இல்லை. கேட்டவர்களிடம் சிரித்தீர்கள், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஐந்து பெட்டிதான் நம் நாலு கையால் முடியும். அதை நாம் வேண்டுமென்றே ஐந்தோடு நிறுத்துவதாகப் பத்திரிகையில் எழுதினார்கள். அதற்கும் சிரித்தீர்கள். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவன் சுமாராக இருக்கிறதென்று எந்த வாயால் சொல்வான்? நம் பேரில் பாதி அப்படி வளர்ந்தது. மீதிப் பாதி அந்தப் பெண்ணின் விரலில் இருக்கிறது. அது நிஜம். அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று அவள் கேட்டாள், "ரெண்டு வருஷம் முன்னாடி நான் வாங்கினது மாதிரி இது இல்லையே, அண்ணன் சரி பண்ணிட்டாரா?" என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். நீங்கள் சரி பண்ணவில்லை. நான் பண்ணினேன்.

அவள் பெட்டியைத் திருப்பித் தந்த அன்று, நீங்கள் கோபமாக வெளியே போன பிறகு அதை நான் போட்டுக் கேட்டேன். குத்தத்தான் செய்தது. ஏன் என்று யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கெண்டி விசிலடித்து நீர் வற்றும்வரை நீங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. மீட்டர் கீ கீ என்று கத்தும்போதும் நீங்கள் முள்ளை மட்டுமே பார்ப்பது. மகள் போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வது. கீச்சென்ற ஓசைகள் உங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவை பெட்டியில்தான் குறைகின்றன என்று நினைத்து, நீங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் கூட்டிக்கொண்டே போனீர்கள்.

உங்களிடம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். ஊரெல்லாம் உங்கள் காதைப் புகழ்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதில் சுலபமான வேலையைச் செய்தேன். நீங்கள் கேட்டு முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பிசின் ஊற்றுவது நான்தானே. ஊற்றுவதற்கு முன், அந்தக் கீச்சைக் கூட்டுகிற ஒரே ஒரு சின்ன கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தேன். இதுவரை ஒன்பது பெட்டி. பிறர் பார்க்கக் கூடாதென்று நீங்கள் கேட்ட பிசின், நான் செய்ததை உங்களிடமிருந்தே மறைத்துவிட்டது.

அன்று அரங்கில் நீங்கள் உங்கள் பிள்ளையின் குரலைத் தெரியாமல் போகவில்லை. நான் மாற்றி வைத்திருந்தேன். நீங்கள் கேட்டுப் பழகிய அந்தக் கூர்மை கடைவாசல் பெட்டியில்தான் இருந்தது. சொல்லாமல் மாற்றினேன், சொல்லாமலே உங்களை அந்த நாற்காலியில் உட்காரவும் வைத்தேன். நாற்பது பேர் முன்னால் நீங்கள் எழுந்து நின்றபோது என் கை உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனது. இழுக்கவில்லை.

உங்களுக்கு என்மேல் கோபம் வரட்டும். ஆனால் உங்கள் வாழ்நாள் வேலையே பொய் என்று அங்கே போய் உட்கார்ந்திருக்காதீர்கள். வேலை உங்களுடையது. ஒரு சாமான் மட்டும்தான் என்னுடையது.

என்ன சொல்ல வேண்டுமோ அதைக் கடிதமாகவே எழுதுங்கள். போனில் நான் சொல்வது உங்களுக்குச் சரியாக விழுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இனி நடிக்கப் போவதில்லை.

உங்கள் மனைவி


செவ்வாய், மதியம்

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. முதல் பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறீர்கள். "என் கையெழுத்துக்குக் கீழே உன் கை எப்படி நுழையலாம்" என்ற வரியைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நடுவில் ஒரே ஒரு வரி, நான் மாற்றிய கெப்பாசிட்டரின் அளவைக் கேட்டு. "எத்தனை பிக்கோ போட்டாய்?"

திட்டு வந்தபோது அழுகை வரவில்லை. இந்த வரிக்கு வந்தது.

நான் செய்ததை எழுதுகிறேன். கல்லூரியிலிருந்து மூன்றாம் எண் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சூடுகாற்றுத் துப்பாக்கியை வைத்து, இரண்டு நாளாகப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். உங்கள் பற்றவைப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. தாடிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். "ரொம்ப அழகா இருக்கே அண்ணி, இதையா இத்தனை நாள் மூடி வெச்சிருந்தீங்க" என்றார். இனிமேல் பிசின் இல்லை என்று காத்திருப்பவர்களிடம் சொல்லச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் எடுத்த கடைசி முடிவு இது. வேண்டாமென்றால் வந்து ஊற்றுங்கள்.

ஒன்பது பெட்டிக்காரர்களுக்கும் நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

காது மருத்துவரிடம் நான் நாள் குறிக்கவில்லை. அதை நீங்கள்தான் குறிக்க வேண்டும். இப்போது காதுக்குள் வைக்கும் கருவிகள் நன்றாக வந்திருக்கின்றனவாம். அதையும் பிரித்துப் பார்த்து உள்ளே இருப்பதைக் குறை சொல்வீர்கள் என்று மகள் சொல்கிறாள். சொல்லுங்கள். கேட்க நான் இருக்கிறேன்.

எத்தனை பிக்கோ என்று நான் எழுதப்போவதில்லை. பெட்டி மேசைமேல் திறந்து கிடக்கிறது. நீங்கள் போட்டதையும் நான் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் சனிக்கிழமை கிட்டாரோடு வருகிறேன் என்றாள். அவள் வாசிக்கட்டும், நீங்கள் அவள் விரலைப் பாருங்கள், நான் கேட்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து எது என்று முடிவு பண்ணலாம்.

வெள்ளிக்கிழமை வண்டியில் வந்தால் நிலையத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இடது காது கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு வருஷமாக நான் உங்களுக்கு இடப்பக்கமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இறங்கியதும் பையை வலது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தை எனக்கு விட்டு வையுங்கள்.

உங்கள் மனைவி